பூப்பந்தும் இறகுப்பந்தும்: ஒரு விளையாட்டுச் சொல்லின் வரலாறு குறித்துச் சில கருத்துகள்

தமிழிற் சொல்வரலாற்றாய்வு பெரும்பாலும் சமயம், அரசியல், நிலவுடைமை ஆகிய துறைகளைச் சார்ந்த சொற்களையே பற்றி நின்றுள்ளது. இறை, குடி, காணி, கோயில் போன்ற சொற்கள் கல்வெட்டறிஞராலும் இலக்கிய வரலாற்றாசிரியராலும் மீண்டும் மீண்டும் ஆராயப்பட்டுள்ளன. விளையாட்டுச் சொற்களுக்கோ அத்தகைய கவனம் கிட்டவில்லை. அவை சிறுவர் வாய்ச்சொற்கள் என்றும், பிறநாட்டிலிருந்து வந்த பொழுதுபோக்கின் நிழல்கள் என்றும் கருதி ஒதுக்கப்பட்டன. ஆயினும் கடந்த ஒன்றரை நூற்றாண்டிலே தமிழ்பேசும் மக்கள் தமக்குப் புதியனவாக வந்த பொருள்களுக்கு எவ்வாறு பெயரிட்டனர், பெயரிடும் உரிமை யாரிடம் இருந்தது, ஒரே மொழியைப் பேசும் இரு நாட்டு மக்கள் ஏன் வெவ்வேறு பெயரைத் தேர்ந்தனர் ஆகிய வினாக்களுக்கு இத்தகைய எளிய சொற்களிலேயே தெளிவான சான்றுகள் கிடைக்கின்றன. அரசவையும் மடமும் தலையிடாத இடத்தில் மொழி தன்போக்கில் இயங்கியதை இங்குத்தான் நாம் காணலாம்.

பட்மின்டன் ஆட்டத்தில் வலைக்கு மேலாக அங்குமிங்கும் அடிக்கப்படும் பொருளுக்குத் தமிழில் இரு பெயர்கள் நிலைபெற்றுள்ளன. இலங்கையிலும் மலேசியாவிலும் அது பூப்பந்து, ஆட்டம் பூப்பந்தாட்டம். தமிழ்நாட்டில் அது இறகுப்பந்து. சிலர் சிறகுப்பந்து என்றும் எழுதுவர். இவ்வளவில் நின்றிருந்தால் இஃது இரு வட்டார வழக்குகளின் வேறுபாடு என்று கூறி அமையலாம். ஆனால் தமிழ்நாட்டிலும் பூப்பந்து என்ற சொல் உண்டு. அங்கு அது முற்றிலும் வேறான ஓர் ஆட்டத்தைக் குறிக்கும். கம்பளி நூலாற் செய்த உருண்டைப் பந்தை வைத்து, அணிக்கு ஐவராகத் திறந்தவெளியில் ஆடும் ஆட்டமே அங்குப் பூப்பந்தாட்டம். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் விளையாட்டுப் பட்டியல்களில் பூப்பந்தும் இறகுப்பந்தும் தனித்தனி இடம்பெறும். ஆகவே பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் வழங்கும் ஒரே சொல், ஒரு கரையில் ஒரு பொருளையும் மறுகரையில் மற்றொரு பொருளையும் சுட்டுகின்றது.

திருகோணமலை நகரை அடுத்த பாலையூற்றில் இன்று பள்ளிக்குச் செல்லும் ஒரு பிள்ளை, தமிழ்நாட்டு நாளிதழ் ஒன்றில் மாவட்டப் பூப்பந்துப் போட்டி பற்றிய செய்தியைப் படிக்குமாயின், தான் வளவுக்குள் இரண்டு மரங்களுக்கிடையே கயிறு கட்டி ஆடும் ஆட்டத்தையே அது மனத்திற் கொள்ளும். அச்செய்தியில் ஓரணிக்கு ஐந்து பெயர்கள் வருவதைக் கண்டு அது திகைக்கலாம். தவறு பிள்ளையினுடையதன்று, நாளிதழினதும் அன்று. எனினும் கலைக்களஞ்சியம், பாடநூல், அகராதி, கணினிவழி மொழிபெயர்ப்பு என்பன தமிழ் முழுவதற்கும் ஒரே சொல்லை நிலைநிறுத்த முயலும் இக்காலத்தில், இவ்விரு வழக்குகளுள் ஒன்று ‘பிழை’ எனத் தீர்ப்பிடப்படும் வாய்ப்புண்டு. அத்தீர்ப்பு எப்பக்கம் சாயும் என்பதை ஊகிப்பது கடினமன்று. தொகையிற் பெரிய வழக்கே செம்மை வழக்கு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கின்றது. எனவே இச்சொற்களின் பிறப்பை ஆராய்வது வெறும் பொழுதுபோக்கு அன்று.

முதலிற் பொருளை நோக்குவோம். ஆட்டவிதிகளுக்கு அமைந்த பூப்பந்து 4.74 முதல் 5.50 கிராம் வரை எடையுடையது. தோலுறை போர்த்திய அரைக்கோளத் தக்கையொன்றில் பதினாறு இறகுகள் வட்டமாகச் செருகப்பட்டு நூலாற் பிணைக்கப்பட்டிருக்கும். தக்கையின் விட்டம் 25 முதல் 28 மில்லிமீற்றர். இறகுகளின் நீளம் 62 முதல் 70 மில்லிமீற்றர். வாத்து அல்லது தாராவின் இறகே பயன்படும். ஒரு பந்தில் இடம்பெறும் இறகுகள் யாவும் பறவையின் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து எடுக்கப்பட்டனவாயிருத்தல் வேண்டும். இருபக்க இறகுகளும் கலப்பின் வளைவுகள் முரண்பட்டுப் பந்து ஒழுங்காகச் சுழலாது. எப்படி அடித்தாலும் தக்கையை முன்னிட்டே பறப்பதும், அடித்த கணத்தில் மிகு விரைவும் பின்னர் விரைந்து தணியும் வேகமும் உடையதாயிருப்பதும் இவ்வமைப்பின் விளைவுகளாம். இதனை நுணுகி எண்ணினால், பந்து என்று சொல்லத்தக்க உருண்டை வடிவம் இதில் எங்கும் இல்லை என்பது புலப்படும். தமிழர் இதனைப் பந்து என்று அழைத்தது வடிவங் கருதியன்று, தொழில் கருதியே. அடித்தாடப்படுவது பந்து என்ற பொருள் விரிவு இங்கு நிகழ்ந்துள்ளது.

ஆங்கிலச் சொல்லின் கதை வேறு. ஷட்டில்கொக் என்னும் ஆங்கிலச் சொல் பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதி தொட்டு அம்மொழியில் வழங்குகின்றது. அதன் முற்பகுதியாகிய ஷட்டில், தறியில் ஊடைநூலை இடமும் வலமுமாகக் கொண்டு செல்லும் நாடாவைக் குறிப்பது; இன்னும் பழைய ஆங்கிலத்தில் எறிபடையைக் குறித்த சொல்லோடு உறவுடையது. பிற்பகுதியாகிய கொக் என்பது சேவல். இறகுக் கொத்து சேவலை நினைவூட்டியதால் அப்பெயர் வந்தது என்பது பொதுவான விளக்கம். தக்கையைக் குறிக்கும் கோர்க் என்ற சொல்லே திரிந்தது என்று எண்ணுவாரும் உளர். எவ்வாறாயினும், ஆங்கிலேயன் அப்பொருளுக்குப் பெயரிட்டபோது தறியையும் கோழிக்கூட்டையும் நினைத்தான் என்பது தெளிவு. மட்டைக்கு வழங்கிய பட்டில்டோர் என்ற பெயரோ முன்னர் துணி துவைக்கும் கட்டையைக் குறித்தது. நெசவாளரும் சலவைத் தொழிலாளரும் தந்த சொற்களைக் கொண்டே பிற்காலத்தில் பிரபுக்களின் கூடத்து விளையாட்டு ஒன்று விளக்கப்பட்டதென்பது மனங்கொளத்தக்கது.

தமிழரும் நெசவில் வல்லவர்களே. ஆயினும் நாடாப்பந்து என்றோ அதுபோன்ற ஒன்றையோ அவர்கள் ஆக்கவில்லை. (மலையாளத்தில் ஓடம் என்பது தோணியையும் தறிநாடாவையும் குறிக்கும். இன்று விண்ணில் சென்று மீளும் கலத்துக்குத் தமிழில் விண்ணோடம் என்று பெயரிட்டோர், ஆங்கிலத்தில் ஷட்டில் எனப்பட்ட ஒன்றை அறிந்தோ அறியாமலோ ஓடமாக்கியமை சுவையான உடனிகழ்ச்சி.) ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்க்காமல், பொருளைக் கண்ணாற் கண்டு பெயரிட்டமையே தமிழ்ச் சொற்கள் இரண்டுக்கும் பொதுவான இயல்பு. இதில் தமிழ் தனித்து நிற்கவில்லை. ஜேர்மானியர் இறகுப்பந்து என்று பொருள்படும் சொல்லையே வழங்குவர். சீனமொழிச் சொல்லில் இறகு, மயிர், பந்து ஆகிய மூன்று பொருள்களும் இணைந்துள்ளன. இந்தோனேசியரின் புலு தங்கிஸ் என்பது இறகும் அடித்துத் தடுத்தலும் சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர் பறப்பது என்ற பொருளில் வொலான் என்பர். வட இந்தியாவில் இந்தியும் உருதும் பேசுவோர் இதனைச் சிடியா, அதாவது சிறுபறவை, என்றே அழைப்பர். இறகைக் காண்போர் பலர். பறத்தலைக் காண்போர் சிலர். பறவையையே காண்போரும் உளர். பூவைக் கண்டவர் தமிழர்.

ஆட்டத்தின் ஆங்கிலப் பெயர் வரலாறும் இவ்விடத்துச் சிறிது கூறத்தக்கது. இங்கிலாந்தின் குளொஸ்ரர்ஷயரில் உள்ள பியூஃபோர்ட் பிரபுவின் மாளிகை பட்மின்டன் எனப்படும். அம்மாளிகையில் 1870களில் நடந்த விருந்தொன்றில் இவ்வாட்டம் பிறந்தது என்பது செவிவழிக் கதை. ஆனால் இலண்டனில் விளையாட்டுப் பொருள் விற்ற ஐசக் ஸ்பிராற் என்பவர் 1860ஆம் ஆண்டிலேயே அப்பெயரைத் தலைப்பிற் கொண்ட சிறுநூலொன்றை வெளியிட்டிருந்தார் என்பதால் அக்கதையை அப்படியே ஏற்றல் இயலாது. இந்தியாவில் நிலைகொண்டிருந்த பிரித்தானியப் படை அதிகாரிகள் பூனா நகரில் இவ்வாட்டத்தை ஆடி 1870களில் அதற்கு விதிகள் வகுத்தனர். சிலகாலம் ஆட்டத்துக்கே பூனா என்ற பெயரும் வழங்கிற்று. 1893இல் இங்கிலாந்தில் சங்கமும், 1934இல் அனைத்துலகச் சம்மேளனமும் அமைந்தபோது நிலைத்தது மாளிகையின் பெயரே. ஆட்டத்தை ஒழுங்குபடுத்திய மண்ணின் பெயர் மறைந்து, அதனை ஆதரித்த குடும்பத்து வீட்டின் பெயர் உலகமெங்கும் பரவியமை குடியேற்றக்காலப் பெயரிடலின் இயல்புக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. பூனாப்பந்து என்பதே குறுகிப் பூப்பந்து ஆயிற்று என ஒருவர் சாதிக்க முற்படின், அதற்குச் சொல்லமைப்பு இடந்தரினும் வழக்குச் சான்று இடந்தராது. சேவலின் கொண்டையைக் கொண்டைப்பூ என்பதுண்டு. அதைக்கொண்டு ஆங்கிலக் கொக்கே பூவாயிற்று என்பதும் அத்தகையதே. காதுக்கு இனிதாயிருத்தல் சொற்பிறப்புக்குச் சான்றாகாது.

இனித் தமிழ்நாட்டுப் பூப்பந்துக்கு வருவோம். இறகுப் பந்தின் பெரும்பகை காற்று. ஐந்து கிராம் எடையுள்ள ஒன்றைத் திறந்தவெளியில் அடிப்பவனைவிடக் காற்றே நன்றாக ஆடும். திருகோணமலையில் கச்சான் வீசும் மாதங்களில் இதனை யாரும் நேரிற் காணலாம். ஆகவே உயர்ந்த கூரையும் அடைத்த சுவரும் உடைய மண்டபம் இவ்வாட்டத்துக்கு இன்றியமையாததாகின்றது. மண்டபம் உடையோரே ஆட்டமும் உடையோராயினர். குடியேற்றக் காலத்தில் அவர்கள் யார் என்பது கூறாமலே விளங்கும். இத்தடையை நீக்கியதே கம்பளிப் பந்து. ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர் விட்டமும் இருபத்தெட்டுக் கிராம் அளவு எடையும் உடைய அப்பந்து இறகுப் பந்தைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு கனமானது, காற்றை ஓரளவு தாங்கும், ஈரத்துக்கு அஞ்சாது, விலையும் குறைவு. ஆடுகளம் 24 மீற்றர் நீளமும் 12 மீற்றர் அகலமும் உடைய வெறுந்தரை. ஒரே வேளையில் பத்துப்பேர் ஆடலாம். பள்ளி முற்றங்களிலும் ஊர்ப் பொதுவெளிகளிலும் இது பரவியமைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. 1954இல் இதற்கென அகில இந்தியச் சம்மேளனம் தோன்றியது.

இவ்வாட்டம் 1856ஆம் ஆண்டிலேயே தஞ்சாவூர் அரச குடும்பத்தினரால் ஆடப்பட்டதென்ற செய்தி பல நூல்களில் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவாறு காணப்படுகின்றது. இதனை எச்சரிக்கையோடு நோக்குதல் வேண்டும். தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண்வாரிசின்றி இறந்தது 1855இல். அதனைச் சாக்காகக் கொண்டு கிழக்கிந்தியக் கம்பெனி அரசை விழுங்கிற்று. ஆகவே 1856 என்பது தஞ்சையில் ஆளும் அரசனே இல்லாத காலம். அரண்மனையில் வாழ்ந்த உறவினர் பந்தாடியிருக்கலாம். ஆயினும் நாடிழந்த குடும்பமொன்று துயரக் காலத்தில் பொழுதுபோக்கிய செய்தியை அரசவைப் பெருமையாகத் திரித்துக் கூறுவது வரலாறாகாது. மக்கள் விளையாட்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் அரச மூலத்தைத் தேடும் பழக்கம் நம்மை விட்டு இன்னும் அகலவில்லை. பிரபுவின் மாளிகையில் பிறந்ததென்ற ஆங்கிலக் கதையும், அரண்மனையில் பிறந்ததென்ற தஞ்சைக் கதையும் ஒரே மனப்பாங்கின் இரு வடிவங்கள்.

எமது கருத்து வருமாறு. தமிழ்நாட்டில் இரு ஆட்டங்களும் அருகருகே வழங்கின. ஆங்கிலத்தில் ஒன்று பந்துப் பட்மின்டன், மற்றொன்று ஷட்டில் பட்மின்டன் என அடைமொழியால் வேறுபடுத்தப்பட்டது போன்று தமிழிலும் வேறுபாடு தேவைப்பட்டது. இறகுடையதை இறகாலும், மெத்தென்ற கம்பளி உருண்டையைப் பூவாலும் குறித்து அவ்வேறுபாட்டை மக்கள் நிலைநாட்டினர். இலங்கையிலும் மலேசியாவிலும் கம்பளிப் பந்தாட்டம் அவ்வாறு வேரூன்றவில்லை. வேறுபடுத்த வேண்டிய இரண்டாவது ஆட்டம் இல்லாதவிடத்து, பூப்பந்து என்ற அழகிய சொல் இருந்த ஒரே ஆட்டத்துக்கு உரியதாயிற்று. மலாயா 1949இல் முதலாவது தோமஸ் கிண்ணத்தை வென்ற நாடு. அங்கே இவ்வாட்டம் கழக மண்டபத்தைத் தாண்டி வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டது. அத்தகைய சூழலில் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு நாள்தோறும் எழுத ஒரு சொல் வேண்டியிருந்தது. சொற்பொருள் வேறுபாடு அறியாமையால் எழுவதன்று, தேவையால் எழுவது என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பூ என்ற சொல் ஏன் இவ்விரு பொருளுக்கும் இசைந்தது? தமிழில் பூ மலரை மட்டும் குறிப்பதன்று. மென்மை, நொய்ம்மை, அழகு ஆகிய பண்புகளை உணர்த்தும் அடையாகவும் அது நெடுங்காலம் வழங்கி வந்துள்ளது. பூந்துகில் என்னும்போது பூவேலை செய்த துகிலும் ஆகலாம், மெல்லிய துகிலும் ஆகலாம். பூஞ்சிறகு என்பது குஞ்சின் மெல்லிய சிறகு. ஆகவே இலங்கை வழக்கில் பூப்பந்து என்பதனை இருவகையாற் பிரித்துக் காட்டலாம். பூப்போன்ற பந்து எனக் கொண்டால் உவமைத்தொகை: தக்கை காம்பும் புல்லியும் ஆக, வட்டமாய் விரிந்த இறகுகள் இதழ்களாகத் தோன்றும். கவிழ்த்து வைத்த வெண்ணிறப் பூப்பந்தைக் கண்டோர் இவ்வுவமையின் பொருத்தத்தை மறுக்கமாட்டார். மெல்லிய பந்து எனக் கொண்டால் பண்புத்தொகை: இவ்விரண்டாம் விளக்கமே கம்பளிப் பந்துக்கு ஏற்றது. ஒரே தொகைச்சொல் இருவழியிலும் விரிந்து இரு பொருளுக்கு ஆகியிருக்கின்றது. பூவால் ஆகிய பந்து என விரித்தால் அது வேற்றுமைத்தொகை; மலர்களைத் திரட்டிக் கட்டிய பந்தைச் சுட்டும். மலருக்கும் பந்துக்கும் உள்ள இவ்வுறவை வேறொரு சொல்லிலும் காணலாம். செண்டு என்பது மலர்க்கொத்து; செண்டு என்பது விளையாடும் பந்து; செண்டாடுதல் என்றால் பந்தாடுதல். கொத்தாகத் திரண்டதையும் உருண்டையாகத் திரண்டதையும் ஒரே சொல்லாற் சுட்டும் வழக்கு பட்மின்டன் வருமுன்னரே தமிழில் இருந்தது.

இலக்கணம் அறிந்தோர் மற்றொன்றையும் வினவக்கூடும். பூ என்னும் பெயரின்முன் வல்லினம் வரின் அவ்வல்லினம் மிகுதலும் அதற்கின மெல்லினம் தோன்றுதலும் நன்னூல் உடன்பட்ட புணர்ச்சிகள். பூக்கொடி என்றும் பூங்கொடி என்றும் வழங்குகிறோம். அவ்வாறாயின் பூம்பந்து என்பதும் அமையும். வழக்கு அதனை ஏற்கவில்லை. மெல்லினம் தோன்றிய வடிவங்கள் பூங்கொடி, பூம்பொழில், பூந்தென்றல் எனச் செய்யுள் மணம் உடையனவாய் நிற்க, வல்லினம் மிக்க வடிவங்கள் பூக்கடை, பூக்கூடை, பூச்செடி என அன்றாடப் பொருள்களுக்கு உரியனவாகி வந்துள்ளன. பூப்பந்து இரண்டாம் வரிசையிற் சேர்ந்தமை, அது புலவர் ஏட்டில் ஆக்கப்பட்ட சொல்லன்று என்பதற்கு ஒரு சிறு குறிப்பாகலாம்.

இறகுப்பந்து, சிறகுப்பந்து என்பவற்றுள் எது சரி என்ற விவாதம் அத்துணைப் பயனுடையதன்று. இன்றைய வழக்கில் இறகு தனித்ததொரு தூவியையும் சிறகு பறக்கும் உறுப்பையும் குறிப்பினும், மூலத்தில் இரண்டும் ஒரே சொல்லே. சொன்முதற் சகரம் கெடுதல் தென் திராவிட மொழிகளில் நன்கறியப்பட்ட ஒலிமாற்றம். சிப்பி, இப்பி என்பன அதற்கு மற்றொரு சான்று. கன்னடத்து ரெக்கெயும் தெலுங்கின் ரெக்கயும் இக்குடும்பத்தனவே. பறோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் இவை ஒருங்கே அடங்கும்.

இவ்விடத்துப் பழைமை பற்றிய ஆசையைக் குறித்தும் சில சொல்லவேண்டியுள்ளது. பந்து சங்ககாலந்தொட்டு மகளிர் விளையாட்டாகப் பேசப்படுவது யாவரும் அறிந்ததே. சிலப்பதிகாரத்தில் கந்துகவரி உண்டு. குறவஞ்சிகளில் தலைவி பந்தாடுவது மரபாகவே ஆகிவிட்டது. 1924இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த பெருங்கதையில் பந்தாட்டத்துக்கென்றே ஒரு பகுதி அமைந்துள்ளது. அங்கே பந்து செய்யும் பொருள்களாகப் பஞ்சு, பூளை, பீலி, மயிர் முதலிய மென்பொருள்கள் கூறப்படுகின்றன. பீலி என்றால் மயிலிறகு. இதனைக் கண்டவுடன் பட்மின்டன் தமிழனின் தொன்மை விளையாட்டு என்று முழங்குதற்கு ஆட்கள் இல்லாமற் போகமாட்டார். அது தவறு. அங்கு வலையில்லை, மட்டையில்லை. ஒருத்தியே கையாற் பல பந்துகளை அடித்தெழுப்பும் திறனே அங்குப் பாராட்டப்படுகின்றது. யப்பானியர் புத்தாண்டில் ஆடும் பழைய ஆட்டத்தில் பூவந்திக் கொட்டையில் இறகு செருகி மரப்பலகையால் அடிப்பர். அதுவே பட்மின்டனுக்கு உண்மையில் நெருங்கியது. பெருங்கதை நமக்குத் தருவது வேறொன்று. மென்மையும் நொய்ம்மையும் நல்ல பந்தின் இலக்கணங்கள் என்ற எண்ணம் தமிழில் முன்னரே இருந்தது; இறகும் பந்தும் ஒரே நினைவில் வருவது தமிழ்க் காதுக்குப் புதிதன்று. இவ்வளவே அதிலிருந்து பெறத்தக்கது.

பாலையூற்று என்ற ஊர்ப்பெயரையும் இவ்வகையில் எண்ணிப் பார்க்கலாம். படித்தவர் காதில் பாலை என்றதும் ஐந்திணையுள் ஒன்றாகிய வறண்ட நிலமே ஒலிக்கும். பாலைநிலத்தில் ஓர் ஊற்று என்ற கவிதைப்பொருள் உடனே தோன்றும். ஆனால் ஈழத்தில் பாலை என்பது உலர்வலயக் காடுகளில் வளரும் ஒரு மரம். அதன் சிறு மஞ்சட் பழத்தைத் தேடிப் பறிக்காத பிள்ளைகள் வன்னியிலும் கிழக்கிலும் குறைவு. மட்டக்களப்பில் பாலையடிவட்டை என ஓர் ஊர் உண்டு. மரமும் நீரும் சேர்ந்து ஊர்ப்பெயராதல் இங்கு இயல்பு. திருகோணமலைக்கு அண்மையில் கன்னியா வெந்நீரூற்றும் இருக்கின்றது. மக்கள் கண்முன் நின்றதைக் கண்டே பெயரிட்டனர். அருகேயுள்ள உவர்மலை ஆங்கிலத்தில் ஓர்ஸ் ஹில். இரு மொழியினரும் ஒரே இடத்தைத் தத்தம் காதுக்கேற்ப ஒலித்துக்கொண்டனர். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றி 1957வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாயிருந்த இத்துறைமுகத்தில், கண்ணாற் கண்டு பெயரிடுதலும் காதாற் கேட்டுத் திரித்தலும் ஆகிய இரு முறைகளும் அருகருகே இயங்கியமை வியப்பன்று.

ஈழத்து விளையாட்டுப் பெயர்களை ஒருங்கு நோக்கினால் முதல் முறையே மேலோங்கி நிற்பது தெரியவரும். உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், வலைப்பந்தாட்டம், மேசைப்பந்தாட்டம், துடுப்பாட்டம் என்பன ஈழவழக்கு. தமிழ்நாட்டில் கால்பந்து, இங்கு உதைபந்து. அங்கு உறுப்பைச் சொல்லினர். இங்குச் செயலைச் சொல்லினர். கிரிக்கெட் மட்டையைத் துடுப்பு எனக் கண்டது தோணி வலிக்கும் கரையோர மக்களின் கண்ணாக இருக்கலாம் என்று எண்ணத் தோன்றுகின்றது; தமிழ்நாட்டில் அதே கருவி மட்டையாக நிற்பது தென்னையும் பனையும் தந்த சொல். சென்னையில் 1936இல் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் கிழக்கிலங்கையிற் பிறந்து, திருகோணமலை இந்துக் கல்லூரியில் பணிபுரிந்தவர். அம்முயற்சியின் பயனாகக் கணிதம், பௌதிகம், இரசாயனம் முதலிய பாடங்களுக்குக் கலைச்சொற்கள் கிடைத்தன. இருகரை அறிஞரும் ஒருங்கிருந்து சொல் ஆக்கிய அக்காலத்தை நினைக்குந்தோறும் பெருமை தோன்றுகின்றது. ஆனால் பள்ளிப் பாடத்துக்கு வேண்டிய ஒருமைப்பாடு பந்தாடும் முற்றத்துக்கும் வேண்டுமா என்பது வேறு வினா. இரசாயனத்தில் ஒரு பொருளுக்கு இரு பெயர் இருந்தால் ஆபத்து விளையலாம். பூப்பந்தில் அத்தகைய ஆபத்து இல்லை.

எது பொருத்தமான சொல் என்ற வினாவைத் தவிர்க்கவும் இயலாது. இறகுப்பந்து என்ற சொல் பொருளின் ஆக்கத்தை உள்ளவாறு சொல்கின்றது. மேற்கு வங்காளத்தின் உலுபேரியாவில் தாரா இறகுகளைக் கழுவி, வெட்டி, அளந்து, தக்கையிற் செருகும் குடிசைத் தொழிலாளரின் உழைப்பு அச்சொல்லில் ஓரளவு பதிந்திருக்கின்றது. அவ்வகையில் அதற்கு ஒரு நேர்மை உண்டு. ஆனால் 1950களிலிருந்து நைலோனாலும் பிளாஸ்ரிக்காலும் ஆன பந்துகள் சந்தைக்கு வந்துவிட்டன. உயர்நிலைப் போட்டிகளில் இயற்கை இறகு நிலைத்திருப்பினும், பாலையூற்றுப் பிள்ளை கடையில் வாங்குவதில் பெரும்பாலும் இறகே இல்லை. இறகில்லாத இறகுப்பந்து என்பது முரண். பூப்பந்து என்ற பெயரோ எதனாற் செய்தாலும் வடிவம் மாறாத வரையில் பொருந்தும். இதனைக் கொண்டு ஈழவழக்கே சிறந்தது என வாதிடுவது எம் நோக்கமன்று. கண்ணாடியாற் செய்யாத கண்ணாடிகளை நாம் அணிந்துகொண்டுதான் இருக்கிறோம். தமிழ்நாட்டில் இரு ஆட்டங்கள் இருக்கும்வரை அங்கு இறகும் பூவும் வேறுபட்டே நிற்கவேண்டும். இங்கு ஓர் ஆட்டமே இருக்கும்வரை பூ போதும். அகராதி தொகுப்போர் செய்யவேண்டியது, பூப்பந்து என்ற தலைச்சொல்லின்கீழ் இரு பொருளையும் நாட்டுக் குறிப்புடன் தருதலே. ஒன்றை முதற்பொருள் என்றும் மற்றதை வட்டார வழக்கு என்றும் எழுதுவார்களாயின், எது வட்டாரம் என்ற வினாவுக்கும் அவர்கள் விடைகூற வேண்டியிருக்கும்.

இறுதியாக, எழுத்திற் காணப்படாத ஒரு வழக்கு. அறிவித்தற் பலகையிலும் பாடசாலைப் படிவத்திலும் பூப்பந்தாட்டம் என எழுதுவோரும் ஆடும்போது பட்மின்டன் என்றே சொல்வர்; அடிக்கும் பொருளைப் பூப்பந்து எனச் சொல்வோர் அரியர். ஆங்கிலச் சொல்லின் முற்பாதியை எடுத்துச் சிலர் ஷட்டில் என்பர். பிற்பாதியை எடுத்துச் சிலர் கொக் என்பர். தமிழ்நாட்டுப் பேச்சில் அது காக். வல்லின மெய்யில் முடியும் பிறமொழிச் சொல்லுக்கு உகரம் சேர்த்து ஒலிப்பது தமிழ்நாவின் இயல்பாதலின் கொக் என்பது பேச்சில் கொக்கு ஆகிவிடும். ஆங்கிலச் சேவல் இவ்வாறு தமிழ்ப் பறவையாக மாறுகின்றது. வட இந்தியர் கண்டு பெயரிட்ட சிடியாவை, நாம் கேட்டுத் திரித்துச் சென்றடைந்தோம். வெள்ளை இறகும் நீண்டு குவிந்த உடலும் உடைய ஒன்றுக்கு அப்பெயர் பொருந்தாமலும் இல்லை. “கொக்கு மாமரத்திலை செருகிப்போச்சு” என்று ஒரு பிள்ளை கூவினால், கேட்பவர் நிமிர்ந்து பார்த்தபின்னரே எந்தக் கொக்கு என்பதை அறிவர்.